கோரூட்டீன்களைச் சேர்த்து வைப்பது சரி, கழுவி வைக்கிறோமா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் சர்வர் நிரலாக்கம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு தமிழ் நாளிதழ் கோரூட்டீன் பற்றி அரைப் பக்கம் ஒதுக்கியதே எனக்குப் பெரிய சந்தோஷம், வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஆனால் அதில் ஒரு இடத்தில், கோரூட்டீன்கள் மெமரியே எடுப்பதில்லை என்றும், வேலை முடிந்ததைத் தூக்கிப் போடாமல் சேர்த்து வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் சர்வர் வேகமாகும் என்றும் எழுதியிருந்தது. கல்லூரிப் பிள்ளைகள் யாராவது அந்த இரண்டு வரியை அப்படியே நம்பி நிரல் எழுதிவிடப் போகிறார்களே என்ற கவலையில்தான் இந்தக் கடிதம். முதல் வரி தவறு. இரண்டாவது வரி உண்மை, ஆனால் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் நிறைய இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் அந்த யோசனையே ஆபத்தாகிவிடும்.

கட்டுரையைத் தவறவிட்டவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். சாதாரணமாக ஒரு நிரலில் ஒரு வேலையைத் தொடங்கினால் அது முடிந்த பிறகுதான் அடுத்த வேலை. கோரூட்டீனைப் பாதியில் நிறுத்தலாம். அடையாளம் வைத்து மூடிய புத்தகம் மாதிரி அப்படியே வைத்துவிட்டு, வேறு வேலையைப் பார்த்துவிட்டு, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இந்தப் பெயரை 1958இல் வைத்தவர் மெல்வின் கான்வே, அதை விளக்கும் அவருடைய ஆய்வுக் கட்டுரை 1963இல் அச்சானது. ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே நேரத்தில் பதில் சொல்ல வேண்டிய பல சர்வர்களில் இன்று ஏதோ ஒரு வடிவத்தில் இது இருக்கிறது, ஏனென்றால் ஒருவருக்கான தகவல் டேட்டாபேஸிலிருந்து வரும் வரை அவருடைய கோரூட்டீனை நிறுத்திவைத்துவிட்டு அடுத்தவரைக் கவனிக்கலாம்.

விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டுமானால், விட்ட இடம் எது, அப்போது கையில் என்னென்ன இருந்தன என்பதை எங்காவது வைத்திருக்க வேண்டும் இல்லையா? பல மொழிகளில் அது ஸ்டாக் என்ற இடத்தில் இருக்கிறது, அதுவும் மெமரிதான். லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு திரெட் (ஒரு நிரலுக்குள் தனியாக ஓடும் வேலை இழை) தொடங்கினால் வழக்கமாக அதன் ஸ்டாக்குக்கு 8 மெகாபைட் முகவரி இடம் ஒதுக்கப்படும் (அவ்வளவும் உடனே உண்மையான மெமரியாக மாறிவிடாது, தொடத் தொட 4 கிலோபைட் பக்கங்களாக வரும்). கூகுளில் பிறந்த கோ மொழியில் இதற்கு நிகரானது 2 கிலோபைட் ஸ்டாக்கோடு தொடங்கும்படி 2014 டிசம்பரில் வந்த 1.4 பதிப்பில் செய்தார்கள், அதற்கு முன் 8 கிலோபைட். நான் அன்றாடம் புழங்கும் லுவா, பிரேசிலில் ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1993இல் உருவான மொழி, 2003இல் வந்த 5.0 பதிப்பில் அதில் கோரூட்டீன் சேர்ந்தது. அதில் 64 பிட் கணினியில் ஒரு கோரூட்டீனுக்குத் தொடக்கத்தில் 40 இடங்கள், இடத்துக்கு 16 பைட், அதை நிர்வகிக்கும் தகவல்களுக்கும் கொஞ்சம் சேர்த்தால் ஏறத்தாழ 1 கிலோபைட். 10,000 கோரூட்டீன் என்றால் 10 மெகாபைட்தான், கைப்பேசியில் எடுக்கும் மூன்று நான்கு போட்டோ அளவு.

ஆக, கோரூட்டீன் சிறியது என்ற அளவில் கட்டுரையாளர் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். அந்தச் சிறியது தன் கையில் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதைத்தான் அவர் பார்க்கவில்லை. நான் அடிபட்டது அங்கேதான், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், பலர் சேர்ந்து ஆடும் கைப்பேசி விளையாட்டு ஒன்றுக்கு லுவாவில் சர்வர் எழுதினோம். ஆட்டக்காரரிடமிருந்து வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு கோரூட்டீன். ஒவ்வொன்றையும் புதிதாக உருவாக்கி முடிந்ததும் விட்டுவிட்டால் பிறகு கார்பேஜ் கலெக்டர் (யாரும் பயன்படுத்தாத மெமரியைத் தானாகத் திரும்ப எடுக்கும் பகுதி) வந்து அள்ள வேண்டும், வினாடிக்கு ஆயிரக்கணக்கில் வரும்போது அந்த அள்ளுகிற வேலையே பாரமாகிவிடும் என்பதால் ஒரு கையிருப்பு வைத்தோம். லுவாவில் ஓடி முடிந்த கோரூட்டீனை மறுபடி எழுப்ப முடியாது. அதனால் அதை முடியவே விடாமல் உள்ளே ஒரு முடிவில்லாத சுழற்சி வைப்பார்கள்: கொடுத்த வேலையைச் செய், கையிருப்பில் போய் உட்கார், அடுத்த வேலை வரும் வரை நில். பத்து வரி நிரல். நன்றாகவே ஓடியது, பொங்கல் விடுமுறை வரைக்கும்.

விடுமுறையில் கூட்டம் அலைமோதியது, ஆயிரக்கணக்கில் கோரூட்டீன்கள் உருவாயின, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் கூட்டம் போன பிறகும் மெமரி இறங்கவில்லை. நள்ளிரவு தாண்டி, ஆட்டக்காரர்கள் அனேகமாக எல்லாரும் தூங்கப் போன நேரத்தில், தரவரிசைப் பட்டியலைக் கணக்கிடும் வேலை வழக்கம்போலத் தொடங்கியது, அதற்கு நிறைய இடம் வேண்டும், ஆள் இல்லாத நேரம் என்பதால்தான் அதை இரவில் வைத்திருந்தோம். இடம் இல்லை. லினக்ஸே எங்கள் நிரலை நிறுத்திவிட்டது.

பல நாள் தேடினோம். கடைசியில் கிடைத்தது ஒரே ஒரு மாறி (நிரலில் ஒரு மதிப்பை வைக்கும் பெயர்). வேலையை முடித்துக் கையிருப்பில் உட்கார்ந்த கோரூட்டீன், தான் கடைசியாகச் செய்த வேலைக்கான ஃபங்ஷனை (அந்த வேலையின் கட்டளைத் தொகுப்பை) ஓர் உள்மாறியில் வைத்தபடியே காத்திருந்தது. அந்த ஃபங்ஷன் தன்னைச் சுற்றியிருந்த மாறிகளைப் பிடித்திருந்தது, அந்த மாறிகளில் ஒன்று ஆட்டக்காரரின் முழு விவரப் பட்டியல், அவர் வாங்கிய பொருள்கள், நண்பர்கள், பழைய ஆட்டங்கள் எல்லாம் சேர்த்து. ஆட்டக்காரர் எப்போதோ போய்விட்டார், அவருடைய பட்டியல் போகவில்லை. ஒரு கிலோபைட் கோரூட்டீன், தன்னைவிடப் பல நூறு மடங்கு பெரிய சுமையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கார்பேஜ் கலெக்டர் மேல் தவறில்லை, யாரோ பிடித்திருக்கும் பொருளை அது எடுக்கவே கூடாது. கையிருப்பில் உட்காருவதற்கு முன்னால் அந்த மாறியைக் காலி செய்யும் ஒரு வரியைச் சேர்த்தோம். அவ்வளவுதான், மறுநாளிலிருந்து கூட்டம் போனதும் மெமரி இறங்கியது.

கல்யாணத்துக்கு அண்டா, குண்டான், கரண்டி எல்லாம் வாடகைக்கு எடுப்போம் இல்லையா, திரும்பக் கொண்டு போனால் கடைக்காரர் எண்ணிக்கையை மட்டும் பார்க்க மாட்டார், ஒவ்வொரு பாத்திரத்தையும் கவிழ்த்து உள்ளே பார்ப்பார். சாம்பார் ஒட்டிய அண்டாவை அப்படியே அடுக்கி வைக்கிற பாத்திரக் கடையை நான் பார்த்ததில்லை. கோரூட்டீன் கையிருப்பு எழுதும் நாம் பெரும்பாலும் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்கிறோம். நடுவில் பிழை வந்து செத்துப்போன கோரூட்டீனைக்கூடப் பார்க்காமல் திரும்ப அடுக்கிய நிரலை நான் திருத்தியிருக்கிறேன்.

கழுவாமல் அடுக்குவதில் மெமரி வீணாவதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. பல சர்வர்களில், "இந்தக் கோரூட்டீன் இப்போது யாருக்காக ஓடுகிறது" என்று கோரூட்டீனையே சாவியாக வைத்து ஒரு பட்டியலில் எழுதி வைப்பார்கள், பதிவேட்டில் பெயர் எழுதவும் அனுமதி சரிபார்க்கவும் அது வசதி. கோரூட்டீன் ஒவ்வொரு முறையும் புதிது என்றால் இதில் சிக்கல் இல்லை. அதையே மறுபடி பயன்படுத்தும்போது, பழைய பெயரை அழிக்க மறந்தால், புதிதாக வந்தவர் பழையவருடைய பெயரில் நடமாடுவார். எங்கள் நிரலிலும் இது இருந்தது, நல்லவேளையாகச் சோதனையில் பிடிபட்டது. இது எங்கோ சின்ன நிறுவனங்களில் மட்டும் நடக்கிற விஷயம் என்று வாசகர்கள் நினைக்க வேண்டாம். 2023 மார்ச் 20 அன்று சாட்ஜிபிடியில் சிலருக்கு வேறு யாருடைய உரையாடல் தலைப்புகளோ தெரிந்தன, ஓப்பன்ஏஐ அன்று சேவையை நிறுத்தி வைத்தது. காரணத்தை அவர்களே வெளியிட்டார்கள். பைத்தான் மொழியில், ரெடிஸ் என்ற தரவுக் கிடங்கோடு பேசும் இணைப்புகளைக் கையிருப்பில் வைத்துப் பகிர்ந்துகொண்டார்கள், ஒரு கோரிக்கை போய்விட்டது, பதில் வருவதற்குள் அந்தக் கோரிக்கை ரத்தானது, பதில் இணைப்பிலேயே தங்கிவிட்டது, அடுத்து அதே இணைப்பை எடுத்தவருக்கு அந்தப் பழைய பதில் போய்ச் சேர்ந்தது. கட்டணச் சந்தாதாரர்களில் சிலருடைய பணம் செலுத்தும் விவரங்களும் வேறொருவர் கண்ணில் பட்டிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். அங்கே கையிருப்பில் இருந்தவை இணைப்புகள், கோரூட்டீன்கள் இல்லை. ஆனாலும் வேலை பாதியில் நின்ற ஒன்றைச் சுத்தம் பார்க்காமல் அடுத்தவர் கையில் கொடுத்தது ஒன்றுதான்.

அடுத்தது எண்ணிக்கை. கையிருப்புக்கு உச்சவரம்பு வைக்காவிட்டால், அது தன் வாழ்நாளில் பார்த்த மிகப் பெரிய கூட்டத்தின் அளவிலேயே நின்றுவிடும், ஆண்டுக்கு ஒரு நாள் வரும் கூட்டத்துக்கான மெமரியை மீதி 364 நாளும் சுமக்கும். இதற்கு நல்ல உதாரணம் கியூஎம்யூ. ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியைப் போலி செய்து ஓட்டும் திறந்தமூல மென்பொருள் அது. அதில் டிஸ்க் படிக்கும் எழுதும் வேலைகளுக்குக் கோரூட்டீன்கள், ஒவ்வொன்றுக்கும் 1 மெகாபைட் ஸ்டாக், வேகத்துக்காக ஒவ்வொரு திரெட்டுக்கும் தனிக் கையிருப்பு. அந்தக் கையிருப்புகள் பல்லாயிரமாக வளர முடிந்தது. உண்மையான மெமரி தீர்வதற்கு முன்பே வேறொரு வரம்பில் போய் முட்டியது. ஒவ்வொரு கோரூட்டீனும் லினக்ஸிடம் இரண்டு மெமரிப் பகுதிகளைக் கேட்கிறது, ஒன்று ஸ்டாக், இன்னொன்று ஸ்டாக் எல்லை தாண்டினால் பிடிக்கும் காவல் பக்கம். ஒரு நிரல் இத்தனை பகுதிகள்தான் வைத்திருக்கலாம் என்று லினக்ஸில் ஒரு வரம்பு உண்டு, வழக்கமாக 65,530. இரண்டால் வகுத்தால் 32,765 கோரூட்டீன். நிரலில் மற்றவையும் இருப்பதால் அதற்கு முன்பே முட்டும். முட்டியதும் ஸ்டாக் ஒதுக்க முடியவில்லை என்று மொத்த நிரலும் நிற்கும், அதற்குள் ஓடிக்கொண்டிருக்கும் கணினியும் சேர்ந்து போகும். 2024இல்தான் இதைச் சரிசெய்தார்கள், திரெட்டுக்கு இவ்வளவுதான், மிஞ்சினால் பொதுக் கையிருப்புக்கு, அதற்கும் வரம்பு, அதையும் தாண்டினால் உண்மையிலேயே விடுவித்துவிடு என்று. கை தேர்ந்தவர்கள் பல வருஷம் பராமரித்த நிரலிலேயே இப்படி என்றால், "சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போவது சரியா, நீங்களே சொல்லுங்கள்.

எவ்வளவு வைத்துக்கொள்வது என்று நண்பர்கள் கேட்பார்கள். லுவாவில் நிரல் எழுத வசதியுள்ள வெப் சர்வரான ஓப்பன்ரெஸ்டியில் இதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு, இயல்பான வரம்பு 1024, தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம். நான் கடைப்பிடிக்கும் வழி இது. கடைசியாக வந்ததையே முதலில் எடுப்பேன், அடுக்கின் மேல் தட்டை எடுப்பது போல. அப்படிச் செய்தால் அடியில் இருப்பவை யாருக்கும் தேவைப்படாமல் அப்படியே கிடக்கும். கடந்த ஒரு நிமிஷத்தில் கையிருப்பு மிகக் குறைவாக எத்தனைக்கு இறங்கியது என்று மட்டும் குறித்து வைத்தால் போதும், 300க்குக் கீழே இறங்கவே இல்லை என்றால் அந்த 300 இந்த நிமிஷத்தில் தேவைப்படவில்லை, அதில் பாதியை விட்டுவிடலாம். சட்டென்று எல்லாவற்றையும் விட வேண்டாம், அடுத்த நிமிஷமே கூட்டம் வரலாம். லுவாவில் கையிருப்புப் பட்டியலையே பலவீனமான பட்டியலாக வைக்கும் முறையும் இருக்கிறது, அப்போது கார்பேஜ் கலெக்டர் வரும்போதெல்லாம் சும்மா இருப்பவற்றை அதுவே எடுத்துக்கொண்டு போய்விடும். எழுத மிகச் சுலபம். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் கையிருப்பு துடைத்தெடுக்கப்பட்டு மறுபடி உருவாக்க வேண்டியிருக்கும், நெரிசலான சர்வருக்கு அது எனக்குப் பிடிக்கவில்லை. சின்ன சேவைகளுக்கு தாராளமாகப் பயன்படுத்தலாம்.

சும்மா உட்கார்ந்திருக்கும் கோரூட்டீனுக்குச் செலவே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். லுவாவின் கார்பேஜ் கலெக்டர் வேலையைத் துண்டு துண்டாகச் செய்யும், ஆனால் சுற்றின் நடுவில் ஒரு கட்டத்தை நிறுத்தாமல் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும், கோரூட்டீன்களின் ஸ்டாக்குகளை அந்தக் கட்டத்தில் மறுபடி ஒருமுறை பார்க்கும். கையிருப்பில் பல ஆயிரம் இருந்தால் அந்த நிறுத்தம் நீளும், விளையாட்டில் ஆட்டக்காரருக்கு அது ஒரு சின்ன திக்கலாகத் தெரியும். வேகத்துக்காக வைத்த கையிருப்பே வேகத்தைத் தின்னும் இடம் அது.

சில மொழிகளில் கையிருப்பே வேண்டாம், இதையும் கட்டுரை சொல்லியிருக்கலாம். கோ மொழியின் அடிப்படை இயக்கமே முடிந்தவற்றை எடுத்து மறுபடி பயன்படுத்துகிறது, நாம் மேலே இன்னொரு அடுக்கு கட்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. 2023 செப்டம்பரில் வந்த ஜாவா 21இன் மெய்நிகர் திரெட்டுகளைப் (கோரூட்டீன் போன்ற இலேசான திரெட்டுகள்) பற்றி ஜாவாவின் ஆவணமே இவற்றைக் கையிருப்பில் வைக்காதீர்கள், வேலைக்கு ஒன்று உருவாக்கி முடிந்ததும் விட்டுவிடுங்கள் என்கிறது. டேட்டாபேஸுக்கு ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் போக வேண்டும் என்ற கட்டுப்பாட்டுக்காகச் சிலர் கையிருப்பு வைப்பார்கள், அதற்கு செமஃபோர் (ஒரே நேரத்தில் இத்தனை பேருக்குத்தான் அனுமதி என்று எண்ணி விடும் கருவி) போதும்.

அப்புறம், அளந்து பாருங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன், அதுவும் சரியான இடத்தில். கோரூட்டீன்களை விட்ட பிறகும் லினக்ஸில் மெமரி அளவைக் காட்டும் டாப் கட்டளையில் எண் இறங்காமல் இருக்கலாம், லுவா திருப்பிக் கொடுத்ததை நடுவில் இருக்கும் மெமரி ஒதுக்கும் நூலகம் அடுத்த தேவைக்காகத் தன்னிடம் வைத்திருக்கும். அந்த எண்ணைப் பார்த்து நாங்கள் சரியாக இருந்த நிரலையெல்லாம் மாற்றி எழுதி ஒரு வாரத்தை இழந்தோம். லுவாவிடமே எத்தனை கிலோபைட் வைத்திருக்கிறாய் என்று கேட்க வழி இருக்கிறது, கலெக்ட்கார்பேஜ் ஃபங்ஷனுக்குக் கவுண்ட் என்று கொடுத்தால் சொல்லும். முழுச் சுற்று ஒன்றை ஓடவிட்டு, ஒரு லட்சம் கோரூட்டீன் உருவாக்குவதற்கு முன்னும் பின்னும் கேட்டு, வித்தியாசத்தை வகுத்தால் ஒன்றின் விலை தெரிந்துவிடும். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய பட்டியலைக் கொடுத்து வேலையை முடிக்கவிட்டு, அதேபோல முழுச் சுற்று ஓடவிட்டு மறுபடி கேளுங்கள். பட்டியலைக் கொடுப்பதற்கு முன் இருந்த எண்ணுக்கு அருகில் இறங்கவில்லையென்றால் எங்கோ கழுவாத பாத்திரம் இருக்கிறது.

ஆசிரியர் அவர்களே, கட்டுரையாளரைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை, இவ்வளவு கடினமான விஷயத்தைத் தமிழில் எடுத்துக்கொண்டதற்கு அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். அடுத்த வாரமே முடிந்தால் அந்த இரண்டு வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள், மெமரி எடுப்பதில்லை என்பதற்குப் பதில் லுவாவில் ஒன்றுக்கு ஏறத்தாழ 1 கிலோபைட், அது பிடித்திருப்பது தனிக்கணக்கு என்று வந்தாலே போதும். மேலே சொன்ன அளக்கும் நிரலை, கழுவும் வரி உள்ளதும் இல்லாததுமாக இரண்டு வடிவத்தில் எழுதி இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன், இரண்டும் சேர்ந்து நாற்பது வரிக்குள்தான், இடமிருந்தால் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர், சர்வர் நிரலாளர்,
கோயம்புத்தூர்